இன்னொரு பேட்டரி போடலாமா, சோலார் பேனல் போடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதிலேயே நின்றுவிட்டது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணா, எங்கள் வீட்டில் 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இருக்கிறது. வாங்கி மூன்று வருஷம். போன வாரம் மழையில் ராத்திரி கரண்ட் போனது, மூன்று மணி நேரத்துக்குள் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. மாமியாருக்கு வீசிங் உண்டு, நெபுலைசர் வைக்க வேண்டும். ஃபெஞ்சல் மாதிரி இன்னொரு புயல் வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. கடைக்காரர் இன்னொரு பேட்டரி சேர்க்கச் சொல்கிறார். தம்பி 330 வாட் பேனல் வாங்கிப் போடலாம் என்கிறான். எது சரி?”

அம்மா, இரண்டுமே இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். ஆமாம், வீராணம் ஏரிதான். வீராணத்தில் 1.465 டிஎம்சி தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஏரியில் ஊறுவதில்லை. கீழணையில் இருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்துத் தண்ணீர் வந்தால்தான் ஏரி நிரம்பும். பேட்டரியும் அப்படித்தான். அது எதையும் உண்டாக்காது, வாங்கி வைத்துக் கொடுக்கும். வடவாற்றில் தண்ணீர் வராத காலத்தில் ஏரியை அகலப்படுத்தி என்ன பயன்? வாய்க்கால் மடைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, ஏரி சீக்கிரம் வற்றுகிறதே என்றால் குறை ஏரி மேல் இல்லை. முதலில் மடையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு மடைகளை எண்ணிப் பார்ப்போம். இன்வெர்ட்டர் லைனில் என்னென்ன ஓடியது என்று திருப்பிக் கேட்டிருந்தேன். இரண்டு பழைய சீலிங் ஃபேன், மூன்று எல்இடி ட்யூப், டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை என்று பதில் வந்தது. ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், இரண்டுக்கு 150. ட்யூப் மூன்றும் 60. டிவி 80. பாக்ஸும் வைஃபையும் சேர்ந்து ஒரு 25. மொத்தம் 315 வாட்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். ஏஎச் என்றால் ஆம்பியர் அவர், பேட்டரி பிடிக்கிற அளவு. 12 வோல்ட்டை 150 ஏஎச்சால் பெருக்கினால் 1800 வாட் அவர், அதாவது 1800 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுகிற அளவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது, இன்வெர்ட்டரும் தன் பங்குக்கு 15, 20 சதவீதம் தின்றுவிடும். அதனால் புது பேட்டரியிலேயே கைக்கு வருவது சுமார் 1200 தான். மூன்று வருஷம் ஓடியதில் கொஞ்சம் தேய்ந்திருக்கும், 850 என்று வைத்துக்கொள்வோம். அதை 315 ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் மணி நேரம் வருகிறது. உங்கள் பேட்டரி ஏமாற்றவில்லை அம்மா. கணக்குப்படிதான் நின்றிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 150 ஏஎச் என்று மேலே எழுதியிருப்பது, பெரும்பாலான வீட்டு பேட்டரிகளில், 20 மணி நேரம் நிதானமாக 7.5 ஆம்பியர் எடுத்தால் கிடைக்கிற அளவு. 315 வாட் ஓட்டும்போது 30 ஆம்பியர் போகிறது. அவசரமாக உறிஞ்சினால் அந்த 150 முழுசாகக் கிடைக்காது.

சரி, மடையை அடைப்போம். இரண்டு ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். முழு வேகத்தில் ஒன்றுக்கு 30 வாட்தான் எடுக்கும். ராத்திரிக்கு 9 வாட் பல்பு ஒன்று, வைஃபை ஒன்று. டிவி லைனை இன்வெர்ட்டரில் இருந்து பிரித்துவிடுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இப்போது மொத்தம் 80 வாட். அதே பழைய பேட்டரி, அதே 850. பத்து மணி நேரம் வரும். மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போனால் விடிகிற வரைக்கும் காற்று வரும். நெபுலைசரை 150 வாட் என்றே வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு 25 வாட் அவர்தான் ஆகிறது. ராத்திரியில் மூன்று தடவை வைத்தாலும் ஒரு மணி நேர ஓட்டம்தான் குறையும். மாமியாரை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

கடைக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷப் பழசோடு புதுசைச் சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றுவதாக இருந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும்.

அப்புறம் தம்பியின் பேனல். இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை: எந்த பேனலுக்கு எந்த சார்ஜ் கன்ட்ரோலர்? பேனலில் இருந்து பேட்டரிக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டிதான் அது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொல்லைக்கு நடுவில் ஒரு வீடு. அந்தப் பெரியவர் 330 வாட் பேனல் வாங்கி, 12 வோல்ட் பேட்டரிக்குப் பிடபிள்யூஎம் என்கிற சாதாரண வகை கன்ட்ரோலரில் கொடுத்திருந்தார். பேட்டரி நிரம்பவே இல்லை, போலி பேனலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நொந்துபோயிருந்தார். நான் போனது உச்சி வெயிலில். பேட்டரிக்குப் போகிற ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். 8.6 ஆம்பியர். 13 வோல்ட்டோடு பெருக்கினால் 112 வாட்.

பேனலில் குற்றம் இல்லை. அது கிட்டத்தட்ட 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருகிற பேனல். பிடபிள்யூஎம் அந்த 37ஐ பேட்டரியின் 13க்கு இழுத்து இறக்கிவிடும், ஆம்பியர் மட்டும் அதே 9 தான். மீதி வாட் எல்லாம் வீண். எம்பிபிடி கன்ட்ரோலர் அப்படி விடாது, குறைகிற வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அதை மாட்டிவிட்டு அதே ஒயரில் மீட்டரை வைத்தேன். 20, 21 என்று நின்றது. பெரியவர் மீட்டரைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் கீழேயே வைக்கவில்லை. தம்பி பேனல் வாங்கினால் எம்பிபிடியோடு வாங்கட்டும். இல்லாவிட்டால் 12 வோல்ட்டுக்கென்றே வருகிற 36 செல் பேனலாகப் பார்க்கட்டும்.

ஆனால் புயலன்று பேனலை நம்பாதீர்கள். அடர்ந்த மேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். பேனல் கை கொடுப்பது அதற்கு அடுத்த நாட்களில். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததே, நம் மாவட்டத்தில் எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வானம் தெளிந்துவிட்டது, கம்பம் எல்லாம் வயலில் கிடந்தது. அந்த மாதிரி நாட்களுக்கு ஒரு பேனல் பெரிய உதவி. நம் ஊருக்குத் தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்வு போதும். கால்களைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள், செங்கல்லைப் பாரம் வைத்து நிறுத்தாதீர்கள்.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் வீட்டு மாடியில் சோலார் போட்டால் புயலுக்கு உதவுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், நல்ல திட்டம், கரண்ட் பில் குறையும். ஆனால் தெரு லைனோடு சேர்ந்தே ஓடுகிற, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஊழியர் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கடலோரத்தில் இருக்கிறீர்கள், அதனால் இதையும் கேளுங்கள். உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். பேட்டரியைத் தரையில் வைக்காமல் முழங்காலுக்கு மேல் ஒரு பலகையில் ஏற்றுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் வந்ததைப் பார்த்தோமே. பூட்டிய அலமாரிக்குள்ளும் வைக்க வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், பேட்டரிக்குள் இருக்கிற ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற கருவி அது. பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆன பிறகு, கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்போடு, ஆறு செல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். எல்லாம் 1240ஐ ஒட்டி இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, ஃபேனை மட்டும் மாற்றுங்கள். ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1150 என்று கிடந்தால் அந்த பேட்டரிக்குப் புது பேட்டரிதான் வழி. ஆறு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.