ஹோலில் இருத்தி வைத்த விருந்தாளி

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் பேசியது. பேசிய மாதிரியே எழுதியிருக்கிறேன், சில இடங்களை மட்டும் சுருக்கினேன்.)

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து இருங்கோ, கதிரை இருக்கிறது. நான் போதகர் இல்லை, கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அதனால் பிரசங்கம் என்று எதிர்பார்க்க வேண்டாம், என் வீட்டில் நடந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம். காஸ் சிலிண்டர் முடிந்து ஒரு கிழமை, வாகனத்துக்கு டீசல் இல்லை, எல்லாருக்கும் எல்லாரிலும் கோபம். அப்படிப்பட்ட ஒரு பின்னேரத்தில் எங்கள் போதகர் கீழே செக்யூரிட்டி மேசையில் நின்றுகொண்டு, "தம்பி, இந்தப் பக்கம் வந்தனான், மேலே வரலாமா?" என்று போன் எடுக்கிறார். "வாங்கோ ஐயா" என்று வாய் சொல்கிறது. லிஃப்ட் மேலே வர எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் செய்த வேலையை ஒலிம்பிக்கில் சேர்க்கலாம். காயப்போட்ட உடுப்புக் குவியல் அறைக்குள், அறைக்கதவு பூட்டு. கண்ணாடி அலுமாரியில் கலியாணத்துக்கு வந்த கோப்பைகள் வெளியே. குசினிக்கதவு சாத்து. அப்புறம், சிரிக்க வேண்டாம், வேதாகமத்தை எடுத்துத் தூசு தட்டி மேசையில் வைத்தேன்.

ஐயா வந்து ஹோலில் இருந்தார். "எப்படிச் சுகம்?" "கர்த்தருடைய கிருபையால் நல்ல சுகம் ஐயா." பொய். அந்த மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை. அண்ணாவோடு காசு விஷயத்தில் பிரச்சினைப்பட்டு, அவருடைய நம்பரையே தடுத்து வைத்திருந்தேன்.

கால் மணித்தியாலத்தில் கரண்ட் போனது. ஹோலில் ஃபான் நின்றால் இருக்க முடியாது, குசினி ஜன்னலால்தான் கடல் காற்று வரும். மனைவி மெழுகுதிரியோடு குசினிக்குள் போக, ஐயாவும் எழும்பிப் பின்னாலே போய்விட்டார்! கழுவாத பாத்திரம், வெறும் காஸ் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டூலில் இருந்துகொண்டு, "சம்பலுக்கோ? தாங்கோ, வெங்காயம் நான் உரிக்கிறேன்" என்றார். பாணும் சம்பலும்தான் அன்றைக்குச் சாப்பாடு. அந்த இருட்டில்தான் அண்ணாவின் கதையை நான் வாய் திறந்து சொன்னேன்.

போதகர் கர்த்தர் இல்லை, அதை அவரே முதலில் சொல்லுவார். ஆனால் அன்றைக்கு இரவு எனக்குத் தட்டுப்பட்டது, இயேசுவையும் நான் இத்தனை வருஷமாக ஹோலில்தான் இருத்தி வைத்திருக்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை நல்ல கோப்பையில் தேத்தண்ணி, நல்ல வார்த்தை, குசினிக்கதவு சாத்து.

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்." வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம். இந்த வசனத்தை நாங்கள் எப்போதும் கிறிஸ்துவை அறியாதவர்களுக்குச் சொல்லும் வசனமாகவே எடுக்கிறோம். அதற்கு முன்னால் உள்ளதை வாசித்துப் பாருங்கோ. அது லவோதிக்கேயா சபைக்கு எழுதியது, விசுவாசிகளுக்கு! நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சபை அது. அந்தச் சபையின் வாசலில்தான் அவர் வெளியே நிற்கிறார். உள்ளே வந்தால் என்ன செய்வாராம்? சோதனை போடுவேன், கணக்குப் பார்ப்பேன் என்றா சொன்னார்? சேர்ந்து சாப்பிடுவேன் என்கிறார். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான்.

சரி, இப்படி வெளியே நின்று தட்டுகிறவரின் பொறுமைக்கு வருவோம். எரிபொருள் வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தோமே, அதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேறு வழி இல்லை, அதனால் நின்றோம். கடவுள் அப்படி இல்லை. கதவை உடைக்கக்கூடியவர் உடைக்காமல் நிற்கிறார், அதுதான் நீடிய பொறுமை.

ஆனால் சும்மா நிற்கிறவர் என்றும் நினைக்க வேண்டாம். லூக்கா 13இல் அந்த அத்திமரம். மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, சொந்தக்காரன் வெட்டச் சொல்கிறான். தோட்டக்காரன் என்ன சொன்னான்? "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்." நாங்கள் "இருக்கட்டும்" என்ற சொல்லோடு ஆறுதல் அடைந்து புத்தகத்தை மூடிவிடுகிறோம். கொத்துவேன் என்றவன் கையில் மண்வெட்டி இருக்கிறது. வேரைச் சுற்றிக் கொத்தினால் மரத்துக்கு நோகாதா? எரு என்றால் என்ன என்று கொழும்புப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். வாழ்க்கை நாறுகிற நேரத்தில் கடவுள் கைவிட்டார் என்று நினைத்தேன், எரு போடுகிறார் என்று நினைக்கவில்லை. எல்லாக் கஷ்டமும் எரு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லுகிறவர்களில் எனக்குக் கோபம்தான் வரும். என்னுடைய விஷயத்தில் மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பொறுமையை எடுத்து நாங்கள் மற்றவர்களின் வாயை மூடக் கூடாது. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில், கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றைக்கும் உண்மையைக் கேட்கிறார்கள். முன்னாள் ஜனாதிபதி உட்படச் சிலர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, அதற்குப் பிறகும் அவர்களுடைய கேள்வி முடியவில்லை. அவர்களிடம் போய் "பொறுமையாக இருங்கோ" என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? தன் பிள்ளைக்காக நீதி கேட்கிற தாய் கடவுளின் பொறுமைக்கு எதிராகப் பேசவில்லை. அவரோடுதான் பேசுகிறாள்.

வேதாகமத்தில் எனக்குப் பொருந்துகிற ஆள் யோனா தீர்க்கதரிசி. கடவுள் நீடிய சாந்தமுள்ளவர் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் அவனுடைய முறைப்பாடே! எதிரிகளின் நகரமான நினிவேக்கும் அதே சாந்தமா என்று கோபம். எனக்கு மூன்று வருஷமும் எருவும் வேண்டும், அண்ணாவுக்கு உடனே கோடாலி. அப்படித்தான் இருந்தேன்.

அதனால் இப்போது நான் செய்வது சின்ன விஷயம். காலையில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது, நல்ல வார்த்தை ஒன்றும் தேடாமல், "ஆண்டவரே, இன்றைக்கு மனேஜரில் எரிச்சல், அண்ணாவில் இன்னும் எரிச்சல், வந்து பாரும்" என்கிறேன். ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குசினிக்கதவு அதுதான்.

அண்ணாவின் நம்பரைத் திறந்துவிட்டேன். போன கிழமை போன் எடுத்தேன், அவர் பதில் சொல்லவில்லை. புதன்கிழமையும் எடுத்தேன், வெட்டிவிட்டார். நாளைக்கு ஞாயிறு, ஆராதனை முடிந்து பத்தரைக்குப் பிறகு வீட்டில் இருப்பார், அப்போது இன்னொரு தரம் எடுக்க இருக்கிறேன்.