நாளை காலை பத்து மணி

வணக்கம். இன்று 2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை இரவு. சிட்னியில், வெஸ்ட்மீடில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து பேசுகிறேன். கீழே அம்மா எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறார், சத்தம் கேட்டால் அதுதான்.

நாளை காலை பத்து மணிக்குக் கன்பராவில் அவுஸ்திரேலியப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைவர் டேவிட் கேலிஷ் தபால் வாக்கெடுப்பின் முடிவைச் சொல்லப் போகிறார். ஒரே பாலினத்தவர்கள் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்ற வேண்டுமா? ஆம் என்றவர்கள் இத்தனை பேர், இல்லை என்றவர்கள் இத்தனை பேர். இரண்டு எண்கள், அவ்வளவுதான். நான் ஒரு பெண்ணை நேசிக்கிறேன் என்பது இந்தச் சனலைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்து வருடமாகிறது. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் கட்டலாமா என்று ஒரு கோடியே அறுபது லட்சம் பேரிடம் தபாலில் கேட்டிருக்கிறார்கள். அதில் 78.5 வீதம் அளவில் பதில் வந்துவிட்டதாம். கட்டாயமில்லாத ஒன்றுக்கு இது சின்னத் தொகை இல்லை.

நாடு என்ன சொன்னது என்பது நாளைக்குத்தான் தெரியும். எங்கள் வீடு என்ன சொன்னது என்று எனக்கு இப்போதே தெரியும். அதைச் சொல்லத்தான் இன்று கமராவைப் போட்டேன்.

செப்டெம்பரில் நாலு பேருக்கும் நாலு உறை ஒரே நாளில் வந்தது. அம்மா அவற்றைச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தார். இரவுச் சாப்பாடு முடிந்து, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். வரிக் கடிதம் வந்தாலும் அப்படித்தான் வாசிப்பார். படிவத்தில் ஒரே ஒரு கேள்வி, இரண்டு பெட்டி, கீழே ஒரு பட்டைக்குறியீடு. கறுப்புப் பேனையை எடுத்து "இல்லை" என்ற பெட்டியில் அடையாளம் போட்டார். நான் எதிரில் இருந்தேன். மறைக்கவில்லை.

"உனக்கு ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை, பிள்ளை" என்றார்.

நான் எழுந்து போய்க் கோப்பை கழுவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா தன்னுடையதையும் தங்கச்சியுடையதையும் கொண்டுவந்து என் கையில் தந்தார். தன்னுடையதை ஒட்டும் முன் விரித்துக் காட்டினார். ஆம். "நீயே கொண்டு போய்ப் போடு" என்றார். தங்கச்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மேசையில் அப்பாவின் உறையும் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் இருக்கிற சிவப்புத் தபால்பெட்டிக்கு நடந்தேன்.

மூன்று உறைகளைப் போட்டேன். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்திலேயே குப்பைத் தொட்டி. யாருக்கும் தெரிய வராது. ஆனால் அது அப்பாவின் வாக்கு. எனக்குக் காட்டிவிட்டுப் போட்ட வாக்கு. அதையும் போட்டுவிட்டு வேலைக்கு ரயில் ஏறினேன்.

மூன்று ஆம், ஒரு இல்லை. எங்கள் வீட்டில் வெற்றிதான். எனக்கு வெற்றி மாதிரி இருக்கவில்லை.

அப்பா 1989இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். 1956இல் கொழும்புப் பாராளுமன்றத்தில் தலையை எண்ணித் தனிச் சிங்களச் சட்டம் கொண்டு வந்ததைச் சின்ன வயதில் இருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். பெரும்பான்மை கையைத் தூக்கினால் சிறுபான்மையின் உரிமை போய்விடுமா என்று கேட்டவர். போன மாதம் காரில் போகும்போது அதையே அவரிடம் திருப்பிக் கேட்டேன். "அப்பா, இது அதே கணக்கு இல்லையா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வீடு வரும் வரை ரேடியோவையும் போடவில்லை.

எனக்குக் கோபம் அப்பாவில் இல்லை, கேட்ட விதத்தில்தான். 2004இல் ஜோன் ஹவர்ட் அரசாங்கம் திருமணச் சட்டத்தில் "ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" என்று எழுதிச் சேர்த்தபோது யாருடைய வீட்டுக்கும் உறை வரவில்லை. பாராளுமன்றமே செய்தது. அதைத் திரும்ப எடுக்க மட்டும் ஊரைக் கேட்க வேண்டுமாம். அயர்லாந்தில் 2015இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், சரி, அங்கே அரசியலமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. வழமையான வாக்கெடுப்பு வைக்கும் மசோதாவைச் செனட் இரண்டு தரம் மறுத்த பிறகு, தேர்தல் ஆணையத்துக்குப் பதிலாகப் புள்ளிவிபரத் திணைக்களத்தை வைத்துத் தபாலில் நடத்தினார்கள். நாளைக்கு ஆம் என்று வந்தாலும் அது சட்டமாகாது. அதற்குப் பிறகு பாராளுமன்றத்தில் மசோதா வர வேண்டும், செனட்டர் டீன் ஸ்மித் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்.

கன்பராவில் 2013 டிசம்பரில் ஐந்து நாள் மட்டும் ஒரே பாலினத்தவர்களால் கல்யாணம் கட்ட முடிந்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் கட்டினவர்களின் கல்யாணம் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு இல்லாமல் போனது. அந்த வாரத்துப் படங்களில் அவர்களுடைய முகங்களைப் பார்த்தபடியால்தான் நான் இன்னும் மோதிரம் வாங்கவில்லை.

கருத்துக்கணிப்புகள் ஆம் பக்கம்தான் சொல்கின்றன. போன வருடம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கணிப்புகள் பிழைத்ததை நினைத்தால் நித்திரை வராது. இன்னொரு பயமும் இருக்கிறது. நாளைக்கு 150 தொகுதிகளின் கணக்கும் தனித்தனியாக வரும். எங்கள் தொகுதி பரமட்டா என்ன சொல்லியிருக்கும்? கடைக்கு, கோயிலுக்கு, பஸ்ஸுக்கு நான் தினமும் பார்க்கிற ஆட்கள் அல்லவா? உறவினர்களின் வைபர் குழுவில் வந்த செய்திகளை இங்கே வாசிக்க மாட்டேன். நான் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே அனுப்பினார்கள்.

இதைத் தனியே பார்க்கிற தம்பி தங்கச்சிமார் யாராவது இருந்தால், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தால், நாளைக்கு அந்த நேரத்தில் தனியே இருக்காதீர்கள். நாங்கள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரின்ஸ் அல்பிரட் பார்க்கில் நிற்போம். வாருங்கள். வர முடியாவிட்டால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், கட்டாயம் பதில் போடுவேன்.

கொஞ்சம் பொறுங்கள்... அம்மா கீழே இருந்து, "எத்தனை பேர் வருவினம்?" என்று கேட்கிறார். நாளைக்குப் பார்க்குக்குக் கொண்டு போக ரோல்ஸ் செய்கிறார். முடிவு எதுவாக இருந்தாலும் பத்து மணிக்குப் பசிக்கும் என்கிறார். அம்பது என்று சொல்லிவிட்டேன். அப்பா மேசையில் இருந்து உருளைக்கிழங்கு உரிக்கிறார். எதற்கு என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, உருட்ட ஆள் வேண்டுமாம். நான் இறங்குகிறேன்.