உருளைக்கிழங்கு ஏன் நுரைக்கிறது? நொதி வேலை செய்யும் விதம்

[காட்சி: வெட்டிய பச்சை உருளைக்கிழங்கு. மேலே சொட்டுச் சொட்டாக ஒரு திரவம்.]

மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான் இது. கிழங்கில் பட்டதும் எப்படி நுரைக்கிறது பாருங்கள்! குமிழிகளுக்குள் இருப்பது ஆக்சிஜன். பக்கத்தில் வேகவைத்த துண்டு. அதே திரவம்தான், நுரையே இல்லை.

பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியது. ஆனாலும் பாட்டிலில் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிரிவதற்கு முன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அதற்கு வேண்டிய கிளர்வு ஆற்றல், மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அறை வெப்பத்தில் மிகச் சில மூலக்கூறுகளுக்கே அது வாய்க்கும்.

சூடாக்கினால் வேகம் கூடும். ஆனால் உயிருள்ள செல்லைக் கொதிக்க வைக்க முடியாதே! அதனால் தடை குறைவான வேறொரு பாதையை நொதி, அதாவது செல்லுக்குள் வினைகளை வேகப்படுத்தும் என்சைம், போட்டுத் தருகிறது. கிழங்கில் இந்த வேலையைச் செய்யும் நொதி, கேட்டலேஸ்.

பாடப்புத்தகத்தில் நொதி என்றாலே பூட்டும் சாவியும்தான். ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-ல் சொன்ன உவமை அது. எந்த மூலக்கூறு உள்ளே பொருந்தும் என்பதை அழகாகச் சொல்லிவிடும். வினை ஏன் வேகமாகிறது என்பதைச் சொல்லாது. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. சரி, உள்ளேயே போய்ப் பார்ப்போம்.

[அனிமேஷன்: கேட்டலேஸின் உட்புறம்.]

குறுகலான ஒரு வழியின் முடிவில் ஹீம் என்ற வளையம் போன்ற அமைப்பு, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. முதல் பெராக்சைடு வந்ததும் அதன் ஓர் ஆக்சிஜனை இரும்பு பிடித்துக்கொள்கிறது. மிச்சம் தண்ணீராக வெளியேறுகிறது. அப்புறம் இரண்டாவது பெராக்சைடு. அது தன் ஹைட்ரஜன் இரண்டையும் அந்த ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தண்ணீராக்கிவிட்டு, தான் ஆக்சிஜன் வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்ததற்குத் தயார். பெராக்சைடு தாராளமாகக் கிடைத்தால், ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் உடைத்துத் தள்ளும். கடைசியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆக்சிஜன் என்பதை நொதி மாற்றுவதில்லை. வேகத்தை மட்டும்தான்.

வெந்த துண்டில் என்ன ஆனது? கேட்டலேஸ் ஒரு புரதம். வெப்பத்தில் அதன் மடிப்புகள் குலைந்தன. இரும்பு எங்கும் போகவில்லை. அதைச் சுற்றியிருந்த அமைப்புதான் போய்விட்டது.

[காட்சி: கண்ணாடித் தகட்டில் பாக்டீரியா, மேலே ஒரு சொட்டு.]

மருத்துவ ஆய்வகங்களிலும் இதே நுரைதான் சாட்சி. நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரியும் இரண்டு வகை பாக்டீரியாக்களைப் பிரிக்க ஒரு சொட்டு பெராக்சைடு விடுவார்கள். பொங்கினால் ஸ்டஃபைலோகாக்கஸ், அதனிடம் கேட்டலேஸ் உண்டு. சும்மா இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.