வேராமை: பாலைவனத்துக்கு ஓர் உயிர்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஆந்திராவில், நகரி, புத்தூர் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். இன்று உலகத்தில் இல்லாத ஓர் உயிரைப் பற்றிப் பேசப்போகிறேன். பாதி விலங்கு, பாதி செடி. தார் பாலைவனத்துக்காக எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கற்பனை செய்தது. பெயர் வேராமை.

விலங்கையும் செடியையும் கலப்பது நமக்குப் புதிதல்ல. கோயில் மகர தோரணத்தை அண்ணாந்து பாருங்கள். மகரத்தின் வால் இலையும் சுருளுமாகக் கொடியாகிப் போகும். கல்லில் அந்த அழகு போதும். பாலைவனத்தில் பிழைக்க வேண்டிய உயிருக்குப் போதாது. தண்ணீருக்கு என்ன வழி, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டுக் கேட்டுத்தான் அதன் உடம்பை வரைய வேண்டும். பிள்ளைகளிடம் நான் வற்புறுத்தியது இதைத்தான்.

முதலில் ஒரு பையன் ஒட்டகத்தின் முதுகில் கள்ளியை நட்டான். படம் நன்றாகவே இருந்தது. சரி, கணக்குப் போடுவோம் என்றேன். பயிர்கள் தங்கள்மேல் விழும் வெயிலில் பொதுவாக 1, 2 சதவீதத்தைத்தான் உணவாக்குகின்றன. நாள் முழுக்க நடக்கும் ஒட்டகத்துக்கு அது எந்த மூலைக்கு? அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டியதில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஊர்வன இனத்துக்குப் போதும். அப்படித்தான் ஆமைக்கு வந்தோம். அதிலும் நட்சத்திர ஆமை. தென்னிந்தியாவின் முட்புதர்க் காடுகளிலும் உண்டு, ராஜஸ்தான், குஜராத் பக்கமும் உண்டு. (எங்காவது பார்த்தால் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சட்டம் பாதுகாக்கும் உயிர் அது.)

வெயிலைத் தின்னும் விலங்கு வெறும் கதை என்று நினைக்க வேண்டாம். வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் எலிசியா குளோரோட்டிகா என்று ஓடில்லாத ஒரு கடல் நத்தை இருக்கிறது. பாசியைத் தின்று, அதிலுள்ள பசுங்கணிகங்களை (வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சை நுண்ணுறுப்புகளை) மட்டும் செரிக்காமல் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். பார்த்தால் பச்சை இலைதான். அப்புறம் பல மாதம் இரையில்லாமல் உயிரோடு இருக்கும்.

வேராமையின் கழுத்திலும் கால்களிலும் பச்சை மடிப்புகள். காலையில் விரியும், உச்சி வெயிலில் ஓட்டுக்குள் சுருங்கும். அதன் தோல் துளைகள் இரவில்தான் திறக்கும். நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி இப்படித்தான் செய்கிறது. குளிர்ந்த இரவில் காற்றை வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடியபடி உணவு தயாரிக்கிறது. தண்ணீர் வீணாவதில்லை. ஓட்டிலுள்ள நட்சத்திரக் கோடுகள் வேராமைக்கு நுண்ணிய வாய்க்கால்கள். விழும் பனித்துளி அவற்றின் வழியே வாய்க்குப் போகும். ஆஸ்திரேலியப் பாலைவனத்து முட்பல்லி ஒன்றின் தோலில் இந்த ஏற்பாடு நிஜமாகவே இருக்கிறது.

வேரில்தான் வகுப்பு திணறியது. வேர் விட்டால் நடக்க முடியாது, நடந்தால் வேர் விட முடியாது. அப்போது ஒரு சிறுமி எழுந்து, "சார், மழைக்கு மட்டும் வேர் விடட்டும், காய்ஞ்சதும் உதிர்த்துட்டு நடக்கட்டும்" என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. பாலைவனக் கள்ளிகள் பல அதையே செய்கின்றன. மழை பெய்த சில நாளில் மெல்லிய புதுவேர் விட்டு, மண் காய்ந்ததும் விட்டுவிடுகின்றன. புத்தகத்தில் படிக்காமலே அந்தப் பெண் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். தாரில் மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். அந்த மூன்று மாதம் வேராமை ஓரிடத்தில் செடியாக உட்காரும். மற்ற மாதங்களில் நிழல் தேடி நடக்கும்.

முட்டையா, விதையா என்ற சண்டை சீக்கிரம் முடிந்தது. முட்டைதான், ஆனால் நல்ல மழை வரும்வரை விதைபோல மண்ணுக்குள் காத்திருக்கும்.

இப்போது பெரிய சிக்கல், எதிரிகள். இலை இருப்பதால் ஆடு மேயும், இறைச்சி இருப்பதால் நரி தின்னும். முள் வைத்தால் ஆடு ஒதுங்கலாம், ஆனால் முள் நிழல் விழுந்தால் இலைக்கு வெயில் குறையும். இலையில் கசப்பு ஏற்றலாம் என்கிறது ஒரு கூட்டம், எருக்கை ஆடு பெரும்பாலும் சீண்டுவதில்லையே என்று. நரிக்கு என்ன செய்வது என்று இந்த வாரம் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.