பல்லி சொன்ன கதை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, மழைக்குப் பயப்படாமல் வந்திருக்கும் பினாங்கு மக்களே, வணக்கம். வணக்கத்திலேயே ஒரு நிமிடம் போனால் எனக்குத்தான் நஷ்டம்.

'பழைய கடைவீட்டு வரிசையின் பெருமை முற்றத்திலா, அஞ்சடியிலா?' நான் அஞ்சடி, அதாவது கீழே கடையும் மேலே வீடுமான அந்த வரிசையின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை. எதிரணித் தம்பி முற்றத்தைப் புகழ்ந்தார். சரி, புகழட்டும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை, வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் கூரையைத் திறந்து விடாவிட்டால் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, "உள்ளே வா என்று கூப்பிட ஆளில்லாதவர்கள்தான் அஞ்சடியைப் புகழ்வார்கள்" என்று. நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆமாம் தம்பி, கூப்பிடவில்லைதான். என் தாத்தா முப்பது வருடம் ஒரு கடைவீட்டின் அஞ்சடியில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர். அந்த வரிசை வீடுகளில் மாடி அறை அஞ்சடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வாசலுக்கு நேர் மேலே, மாடித் தரையில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு ஒரு பலகை மூடி. கதவைத் தட்டுவது யார் என்று மாடியிலிருந்தே மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து சிசிடிவி!

ஒருநாள் கடன் கொடுத்தவர் வந்து கதவைத் தட்டுகிறார். மேலே மூடி திறக்கிறது. "வெளியே போயிருக்காருன்னு சொல்லுங்க பெரியவரே" என்று ஒரு குரல். மூடி டக்கென்று மூடுகிறது. வந்தவர் அண்ணாந்து பார்க்கிறார். "யார் பேசினது?" தாத்தா வெற்றிலை மடித்தபடியே, "பல்லிங்க" என்றாராம்.

"பல்லி தமிழ் பேசுமா?"

"நம்ம வீதிப் பல்லிங்க, எல்லா மொழியும் பேசும்."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை, சொல்ல வேண்டுமா? வந்தவர் போக முடியவில்லை, தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். மூடி அவ்வப்போது திறக்கும், கீழே தலை தெரியும், மூடும். மழை விட்டது. அவர் எழுந்து ஓட்டையைப் பார்த்து, "வட்டியையாவது போடச் சொல்லுங்க பல்லியை" என்றார். மேலிருந்து ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று ஆடி ஆடி இறங்கியது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஐந்து வெள்ளி. என் கல்யாணத்தில் தாத்தா சொன்னபோது இருபது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஐம்பது. வட்டி ஏறத்தானே செய்யும்!

இப்போது சொல்லுங்கள் தம்பி, அந்த மழையில் அவரை உட்கார வைத்தது எது? உங்கள் முற்றமா? முற்றத்தில் உட்கார்ந்திருந்தால் தொப்பலாக நனைந்திருப்பார். 1822-லேயே, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ராஃபிள்ஸ் அந்த ஊர் நகரக் குழுவுக்கு எழுதிவிட்டார்: ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கூரையிட்ட நடைபாதை, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் செலவில் ஊருக்கு ஒரு குடை! 1888-ல் அந்த ஊர் நகராட்சி அஞ்சடியிலிருந்த சாமான்களை எடுக்கச் சொன்னபோது கடையடைப்பு, கல்வீச்சு. முற்றத்துக்காக உலகத்தில் யாராவது ஒரு கல் எறிந்திருக்கிறார்களா?

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது நடுவர் அவர்களே. ஒன்றே ஒன்று.

2008-ல் நம் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது தாத்தா இல்லை. போன மாதம் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். இப்போது தங்கும் விடுதி. முற்றம் ஜோராக இருக்கிறது தம்பி, நடுவில் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அஞ்சடியில் இரண்டு பக்கமும் பூந்தொட்டி, நடுவில் சங்கிலி. தாத்தா உட்கார்ந்த இடத்தில் தரைக்கல் மட்டும் இன்னும் கொஞ்சம் குழிந்திருக்கிறது. சங்கிலியைத் தாண்டி அதில் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை ஓடி வந்து, "யாரைப் பார்க்கணும் ஐயா, உள்ளே வாங்க" என்று கூப்பிட்டது.

உள்ளே போகவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டையை அடைத்து வெள்ளையடித்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு பல்லி இருந்தது, உண்மையான பல்லி. அது ஒன்றும் சொல்லவில்லை.

வணக்கம்.