ஆயில் ஸ்டிக்கை எதற்குத் துடைக்கிறோம்?

வணக்கம். கார் பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். டிப்ஸ்டிக்கை உருவுவார்கள். அளவைப் பார்க்காமலே துணியில் துடைப்பார்கள். மறுபடி உள்ளே விட்டு உருவி, அப்புறம்தான் பார்ப்பார்கள். முதல் தடவையே பார்த்தால் என்ன?

[திரையில்: எஞ்சினின் குறுக்குவெட்டுப் படம். அடியில் ஆயில் சம்ப், அதற்குள் இறங்கும் மெல்லிய குழாய்]

எஞ்சின் ஓடும்போது ஆயில் முழுவதும் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருப்பதில்லை. பம்ப் அதை உறிஞ்சி, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி ஆயிலைச் சாரலாக வாரி வீசும். அந்தச் சாரல் டிப்ஸ்டிக் இருக்கும் குழாய்க்குள்ளும் ஏறி, ஸ்டிக்கின் மேல்பகுதி வரை படிந்துவிடும். ஆக, முதலில் உருவும் ஸ்டிக்கில் தெரிவது இப்போதைய மட்டம் இல்லை, வண்டி ஓடியபோது ஒட்டிய பூச்சு. அதை அழித்தால்தான் உண்மையான மட்டம் தெரியும். அளவு பார்ப்பதில் பாதி வேலை துடைப்பதுதான்.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டால் மேலே போன ஆயில் இறங்கி வந்துவிடும்.

[திரையில்: ஸ்டிக்கின் நுனி, மிக அருகில்]

இந்த நுனியைப் பாருங்கள். மேல்கோடு, கீழ்க்கோடு. இரண்டுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கிறார்கள். இது அழகுக்காக இல்லை. புது ஆயில் வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்ட ஊடுருவித் தெரியும். வழவழப்பான தகட்டில் அது எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. கீறல்களில் ஆயில் தங்கினால் எல்லை தெளிவாகத் தெரியும். சில கார்களில் இதற்காகவே நுனியை ஆரஞ்சு நிற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். ஸ்டிக்கின் இரு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால், குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். வளைந்த குழாயின் சுவரில் உரசிய பக்கம்தான் கூடுதலாகக் காட்டும்.

கார்களில் இந்த இரு கோடுகளுக்கு நடுவில் பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுக்கு ஆயில். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரையை உறிஞ்சும் பம்ப், பேரிங்குக்கு ஆயிலோடு காற்றையும் அனுப்பும்.

பைக்கில் ஒரு விஷயம் மட்டும் கவனம். மூடியோடு சேர்ந்த குட்டி ஸ்டிக்கை, பல மாடல்களில் திருகாமல் மேலே உட்கார வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். அதைத் திருகிப் பார்த்தால் ஸ்டிக் ஆழமாக இறங்கி, குறைவான ஆயிலையும் சரியான அளவாகக் காட்டிவிடும். உங்கள் வண்டிக்கு எது முறை என்பது மேனுவலில் இருக்கும்.

சரி, இந்த ஸ்டிக் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

[திரையில்: பழைய பாய்லர் படம், பக்கவாட்டில் இரண்டு குழாய்கள்]

1712-இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் நீராவி எஞ்சினை ஓட்டிக்காட்டினார். அந்த வகை எஞ்சின்களின் பாய்லரில் இரண்டு சோதனைக் குழாய்கள் இருந்தன, ஒன்று நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. மேலே உள்ளதைத் திறந்தால் ஆவி வரவேண்டும், கீழே உள்ளதைத் திறந்தால் தண்ணீர். இரண்டிலும் ஆவி வந்தால் ஆபத்து. எத்தனை அங்குலம் என்று தெரியாவிட்டாலும், மட்டம் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அதே யோசனை கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு கழித்து காருக்கு வந்தது. 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் ஸ்டிக் கிடையாது. எஞ்சினுக்கு அடியில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னத் திருகுகுழாய்கள். காருக்கு அடியில் குனிந்து திறந்து பார்க்க வேண்டும். கீழ்க்குழாயில் ஆயில் வரவில்லை என்றால் ஊற்று. மேல்குழாயில் கொட்டினால் அதிகம். மழையில், சேற்றில் இதைச் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்தே உருவிப் பார்க்கும் ஒரு தகடு எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் அந்தத் தகடு கூடவே ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. கையில் துணி வேண்டும். துணி இல்லாதவர் கைக்குட்டையில் துடைப்பார், அல்லது பேன்ட்டில். இந்தத் தொல்லையைத் தீர்க்க நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காப்புரிமைகளில் டிப்ஸ்டிக் துடைக்கும் கருவிகள் ஏராளம். ஸ்டிக்கைக் கவ்வி இழுக்க, உள்ளே ஃபெல்ட் ஒட்டிய கிடுக்கி. எஞ்சின் பக்கத்திலேயே மாட்டி வைக்க, உள்ளே ஸ்பான்ஜ் வைத்த கூடு. குழாயின் வாயிலேயே பொருத்தும் ரப்பர் உதடு.

[திரையில்: குழாய் வாயில் ரப்பர் உதடு, ஸ்டிக் மேலே வருகிறது]

இந்த மூன்றாவதில் ஒரு நல்ல சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரப்பர் உதடு ஸ்டிக் வெளியே வரும்போதே வழித்துவிடுகிறது. முதல் தடவை அது சரி. இரண்டாம் தடவையும் வழித்துவிட்டால் அளவு எங்கே இருக்கும்? முதல் இழுப்பில் துடைக்க வேண்டும், இரண்டாம் இழுப்பில் தொடவே கூடாது. அதனால் துடைப்பானை அழுத்தவும் விலக்கவும் பட்டன், நெம்புகோல், ஸ்பிரிங் என்று சேர்த்தார்கள். ஒரு துணி செய்த வேலைக்கு இத்தனை பாகம்.

இவை பெரிதாகப் பரவாததற்கு நான் நினைக்கும் காரணம் எளிது. எஞ்சின் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும், துணுக்கு உதிர்ந்தால் போகும் இடம் சம்ப். ஸ்பான்ஜ் ஆயிலில் ஊறிவிட்டால் துடைப்பதற்குப் பதில் பூசும். அதில் சிக்கிய மண் அடுத்த தடவை ஸ்டிக்கோடு உள்ளே இறங்கும். துணியைத் தூக்கிப் போட்டுவிடலாம், கருவியைத் தூக்கிப் போட முடியாது.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைச் செய்வது பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் கிலோக் கணக்கில் வருகின்றன. நூல் வேஸ்ட்டை விட இது மேல், ஏனென்றால் நூல் வேஸ்ட்டின் பிசிறு ஸ்டிக்கில் ஒட்டி உள்ளே போகும்.

அந்தத் துணியை உடனே எறிந்துவிடாதீர்கள். அதுவும் ஓர் அளவுகோல்தான். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத பெட்ரோல் சம்ப்பில் இறங்குகிறது. ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சந்தேகியுங்கள். மினுமினு துகள் தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுப்பது மட்டும் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

[திரையில்: பெட்ரோல் பங்க், தரையில் உள்ள மூடி, நீண்ட கம்பி]

பெட்ரோல் பங்கில் இதே கம்பி நீளமாக இருக்கிறது. தரைக்கடியில் உள்ள டேங்கில் டிப் ராடை இறக்கி மட்டம் பார்ப்பார்கள். அங்கே பேஸ்ட் பூசியும் இறக்குவார்கள். பெட்ரோலுக்கான பேஸ்ட், ஈரம் ஆவியாகும் முன்பே மட்டத்தைக் கோடாகக் காட்டிவிடும். நுனியில் பூசுவது தண்ணீர் காட்டும் பேஸ்ட். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அது பட்ட உயரம் வரை பேஸ்ட் நிறம் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். தண்ணீர் கூடினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனியே பிரிந்து அடியில் நிற்கும்.

கம்பி காட்டுவது சென்டிமீட்டர். டேங்க் படுத்த உருளை என்பதால் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு நிறைய லிட்டர், அடியிலும் உச்சியிலும் கொஞ்சம். அதனால்தான் ஒவ்வொரு டேங்குக்கும், சென்டிமீட்டரை லிட்டராக மாற்றிக் காட்டும் டிப் சார்ட் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஸ்டிக்கே இல்லாத கார்கள். 2000-களின் நடுவில் பிஎம்டபிள்யூ சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டு சென்சார் வைத்தது. ஒரு வகை சென்சார் தன்னைச் சூடாக்கி, எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று பார்க்கும்; ஆயிலில் அதிகம் மூழ்கியிருந்தால் சீக்கிரம் ஆறும். இன்னொரு வகை, சம்ப்பின் அடியிலிருந்து மீயொலி அனுப்பி, ஆயிலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். கை அழுக்காகாது, பானெட் திறக்க வேண்டாம். அளவு குறைந்தால் தானே எச்சரிக்கும், இது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் துணியில் தெரிந்த நிறமும் வாடையும் இதில் கிடைக்காது. அப்படிப்பட்ட காரைப் பழசாக வாங்கப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் ஆறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளுத்த கூழ் படிந்திருந்தால், அது கூலண்ட் கசிவா, குறுகிய தூரமே ஓட்டியதால் சேர்ந்த ஈரமா என்று ஒரு மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகு விலை பேசுங்கள்.