நேட்டாலுக்குக் கப்பலேறிய தாத்தா எந்த ஊர்?

வணக்கம் நேயர்களே. வடாற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பழைய பேச்சு உண்டு. 'பெரிய தாத்தாவோட தம்பி நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனார், அப்புறம் தகவலே இல்லை' என்பார்கள். நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் இருக்கும் பகுதி. அப்படிப் போனவர்களின் வாரிசுகள் இப்போது அங்கிருந்து வந்து ஊர் தேடுகிறார்கள். அவர்களோடு கூடவே அலைந்து தேடிக் கொடுப்பதுதான் ஓய்வு பெற்றபின் நான் பிடித்துக்கொண்ட வேலை. வேலை என்று நான் சொல்கிறேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலை, ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழி.

இத்தனை பேரில் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பெயரைத்தான் நீட்டுவார்கள். 'எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர், எங்கே தேடலாம்?' நான் சொல்வது ஒன்றுதான்: பெயரை விடுங்கள், எண்ணைக் கொடுங்கள். போய் இறங்கிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஓர் எண் போட்டது. கைக்குழந்தைக்கும் போட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அங்கே குழந்தை பிறந்தால், அதன் பிறப்புப் பதிவில் பெற்றோரின் எண் இருக்கும். பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அதன் மூலையில் அந்த எண்ணும் இருக்கும். அது கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கோவெண்டர், மூட்லி என்ற குடும்பப் பெயரெல்லாம் அங்கே போனபின் ஒட்டிக்கொண்டவை. பட்டியலில் முனுசாமி, தகப்பன் பெயர் சின்னசாமி, அவ்வளவுதான். எத்தனை முனுசாமி என்று கேட்காதீர்கள்.

எண் கிடைக்காவிட்டால் காலத்தை வைத்துச் சல்லடை போடலாம். 1866 முதல் 1874 வரை கப்பலே போகவில்லை. ஆள் அனுப்புவது நின்றிருந்தது. ஆகவே 'தாத்தா 1870-இல் வந்தார்' என்று யாராவது சொன்னால், ஒன்று 1866-க்கு முன்னால் பாருங்கள், இல்லை 1874-க்குப் பின்னால் பாருங்கள்.

சரி, ஒரு சம்பவம் சொல்கிறேன். டர்பனிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். இருவருக்கும் அறுபது தாண்டிய வயது. 'எங்களுக்கு வேலூர்' என்றார்கள். யார் சொன்னது? அப்பா சொன்னாராம். அதற்கு முன்பே ஒருமுறை வந்து, வேலூரைச் சுற்றி ஊர் ஊராகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். நான் எண்ணைக் கேட்டேன். தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்த பட்டியல் நகலில் ஜில்லா வடாற்காடு, தாலுகா சித்தூர் என்று பளிச்சென்று இருக்கிறது! 1911 வரை சித்தூர்தானே வடாற்காடு ஜில்லாவின் தலைநகர்? அந்த ஆண்டில் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்த பிறகுதான் தலைநகர் வேலூருக்கு வந்தது. சித்தூர் இன்று ஆந்திராவில் இருக்கிறது; இந்த மனுஷர்கள் மாநில எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று தேடியிருக்கிறார்கள். அதற்கப்புறம் 1989-இல் வடாற்காட்டையும் பிரித்தார்கள், 2019-இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ஆகவே பட்டியலில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள்.

கிராமத்தின் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். பக்கத்தில் ஒத்து வந்தது இரண்டு ஊர். முதல் ஊரில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாவது ஊரில் டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் நகலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'உங்க குலதெய்வம் எது தாயி?' என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை; ஆனால் இதற்கு யோசிக்கவே இல்லை. 'பச்சையம்மன், மன்னார்சாமி' என்றார். ஆடி மாதம் வீட்டில் கூழ் ஊற்றுவதையும் சொன்னார். பெரியவர் எழுந்தே விட்டார். 'அது கீழத்தெருப் பங்காளிங்க சாமியாச்சே!'

கீழத்தெருவில் ஒரு வீட்டில், பட்டியலில் இருந்த தகப்பன் பெயரே இன்றும் ஒரு பையனுக்கு இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம் இல்லையா, அப்படியே இறங்கி வந்திருக்கிறது. இதை நான் அடித்துச் சொல்லும் நிரூபணம் என்று சொல்லமாட்டேன். பச்சையம்மன் நிறையப் பேருக்குக் குலதெய்வம். ஆனால் தாலுகா, ஊர், சாமி, பெயர் நான்கும் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது எனக்கு அது போதும். அந்தத் தம்பிக்குப் போதவில்லை. இடது முழங்காலில் தழும்பு என்று பட்டியலில் இருப்பதைக் காட்டி, 'இவர் எப்படி விழுந்தார்?' என்று வீட்டுக்காரரைக் குடைந்துகொண்டே இருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் விழுந்தவர் ஐயா!

ஆகவே அந்தப் பக்கம் எண், இந்தப் பக்கம் குலதெய்வம். உங்கள் ஊருக்கு இப்படி யாராவது வந்தால் இந்த இரண்டையும் கேளுங்கள். சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்று கதவைச் சாத்திவிடாதீர்கள், அதுவும் நடக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் என்ன கிடைக்கும், தனியாகக் கப்பலேறிய பெண்களை எப்படித் தேடுவது என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. பெண்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் மனைவிக்கும் தனி எண் உண்டு, தனி வரி உண்டு. கொள்ளுத்தாத்தா எண் கிடைத்ததும் தேடலை முடித்துவிடுகிறார்கள். கொள்ளுப்பாட்டியின் எண்ணையும் தேடி எடுங்கள். அவர் வேறு ஜில்லாக்காரராகக்கூட இருக்கலாம். நன்றி, வணக்கம்.